உமியும் கண்ணும்: மதுரை ஆய்வு ஒன்றைப் பற்றி

தை, மாசி மாதங்களில் செவிலிமேட்டுப் பக்கம் நெல் தூற்றுகிறவர் கண்ணில் உமி விழுவது புதிதல்ல. விளக்கெண்ணெய் விடுவார்கள், தாய்ப்பால் பீய்ச்சுவார்கள், கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லிவிடுவார்கள். சில வாரங்களில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார்கள். அந்தப் பூ, கருவிழிப் புண் ஆறிய வடு. சரிகை இழையைக் கண்ணால் பிரித்தறிந்து பிழைக்கும் நெசவாளிக்கு அது பிழைப்பே போனதற்குச் சமம்.

இந்நோயைப் பற்றி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒன்று 1997-இல் வெளியாயிற்று. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. புண்ணிலிருந்து சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி தென்பட்டது. அவர்களில் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சை மட்டும்.

ஆய்வின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் சரிபாதி என்றால், சோதிக்காமல் மருந்து கொடுப்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதைப் போன்றது. பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்துக்குப் பூஞ்சை அசையாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ இன்னும் கேடு. சிவப்பையும் வலியையும் அது தணிக்கும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லையாதலால் உடலின் காவல் அங்கே தாமதமாகவே வந்து சேரும்.

ஆனால் குறைகளையும் சொல்ல வேண்டும். ‘பாதிப் பேருக்குப் பூஞ்சை’ என்பது 297-இல் பாதி. 434-இல் கணக்கிட்டால் 32 விழுக்காடுதான். மீதி 137 பேருக்கு என்ன கிருமி என்பது தெரியவில்லை. மூன்று மாதங்களும் அறுவடையை ஒட்டியவை. ஆண்டு முழுவதும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. மருத்துவமனைப் படியேறாதவர் கணக்கில் வரவே இல்லை. எண்களைப் படிக்கும் மாணவர்கள் ‘எத்தனையில் எத்தனை?’ என்று முதலில் கேட்கப் பழக வேண்டும்.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு அடுத்த படியைக் காட்டியது. கருவிழியில் கீறல்பட்டவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பு மூன்று நாள் இடப்பட்டது. 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. களிம்பு இடாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை என்பது குறையே. ஆயினும் காலத்தின் அருமையை அது உணர்த்துகிறது. பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின் சொட்டு மருந்தே வோரிகோனசோலைவிட மேலானது என்பதைத் தென்னிந்தியாவில் நடந்த மற்றோர் ஆய்வு 2013-இல் காட்டிற்று.

ஆக, நாம் செய்யத்தக்கது எளிது. உமி விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான நீரால் கழுவுங்கள். வலியும் கூச்சமும் நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். விழுந்த பூவை எடுப்பதைவிட, விழாமல் காப்பது எளிது.