பத்து சதவீதம் போதுமா?

வீடு வாங்கப் போகிறவரிடம் எல்லாரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: "விலைக்கு மேல பத்து சதவீதம் கையில வச்சுக்கோ." அதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பவர்கள் பலர். அந்தக் கணக்கு எங்கே தேறுகிறது, எங்கே கைவிடுகிறது?

கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழும் வாங்கிய புது ஃபிளாட், சென்னையில் 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்த கூட்டு மதிப்பு முறைப்படி, 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 2.70 லட்சம். ஜிஎஸ்டி கிடையாது. மிஞ்சும் 1.80 லட்சத்தில் வக்கீல், பத்திர எழுத்தர், வங்கிக்கான அடமான ஆவணம் எல்லாம் முடிந்துவிடும். இங்கே பத்து சதவீதம் நியாயமான கணக்குதான்.

கட்டிக்கொண்டிருக்கும் 60 லட்ச ரூபாய் ஃபிளாட்டில் அதே கணக்கு இடிக்கிறது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் பதிவுக்கு 5%, 2% சேர்ந்து 4.20 லட்சம், ஜிஎஸ்டி 5%, 3 லட்சம். இரண்டிலேயே 12% போய்விட்டது. பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் பதிவுக்கே 9%, தரகு தனி. பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டால் மிச்சமாகுமே என்பார்கள். அதை நான் மிச்சமாகவே எண்ண மாட்டேன். சட்டப்படி தவறு என்பதோடு, பத்திர விலை இறங்கினால் வங்கிக் கடனும் இறங்கும். நாளை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் ஏறும்.

பத்து சதவீதக் கணக்கில் இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு: முன்பணம் அதில் இல்லை. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதமே ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. ஆகவே 60 லட்ச ஃபிளாட்டுக்கு முன்பணம் 12 லட்சமும் பதிவுச் செலவு 4.20 லட்சமும் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும்.

என் தங்கை வீடு வாங்கியபோது பில்டர் தந்த விலைத்தாளின் முதல் பக்கத்தை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, கார்ப்பஸ் ஃபண்ட், ஒரு வருடப் பராமரிப்பு முன்பணம் என்று வரிசையாக இருந்தன. சாவி வாங்கும் வாரத்தில் அவள் வளையல்கள் அடகுக்குப் போயின. வெறும் கையோடு அவள் பால் காய்ச்சியதை இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

நிறைவுச் சான்றிதழ் பெற்ற, 50 லட்சத்துக்குள்ளான புது ஃபிளாட்டுக்கு மட்டும் முன்பணம் போகப் பத்து சதவீதம் செல்லும். கட்டுமானத்தில் இருப்பதற்கு முன்பணம் நீங்கலாகப் பதினைந்து சதவீதமாவது வேண்டும். அதுவும் இரண்டாம் பக்கத்தை வாங்கிக் கூட்டிப் பார்த்த பிறகே அட்வான்ஸ்.