தளை தட்டும் கணினித் திரை

வெண்பாவைத் திருத்த அமரும் ஆசிரியர் சீரை மட்டும் நோக்கி நிறைவடைவதில்லை. ஒவ்வொரு சீரும் செவ்வையாக இருந்தும், சீருக்கும் சீருக்கும் இடையே தளை தட்டினால் அது வெண்பா ஆகாது. லினக்ஸ் கணினியின் திரைமுகப்பை ஆராய்வோர்க்கும் இவ்வளவுகோலே ஏற்றது என்பது என் கருத்து.

சென்ற திங்கள் பழைய கணினி ஒன்றில் லினக்ஸை அமைத்தேன். கடிதம் எழுதும் மென்பொருளில் தமிழ் 99 விசைப்பலகை இனிதே இயங்கிற்று. இணைய உலாவியிலோ அதே விசைகள் ஆங்கில எழுத்துகளையே தந்தன. அதனைச் சீர்செய்ய மூன்று மாலைப்பொழுதுகள் கழிந்தன.

இக்குறையின் வேர் 1990களில் உள்ளது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தந்தது உட்கருவே; கண்ணுக்குப் புலனாகும் முகப்பு அன்று. 1996இல் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.இ. என்னும் முகப்பைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த கியூடி என்னும் கருவித்தொகுதியின் உரிமம் அன்று கட்டற்றதாக இல்லை. ஆகவே, மிகுவேல் டி இகாசாவும் ஃபெடெரிக்கோ மேனாவும் 1997இல் ஜிடிகே என்னும் தொகுதியைக் கொண்டு குனோம் முகப்பைத் தொடங்கினர். 2000இல் கியூடியும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளிவந்தது. பிணக்கின் காரணம் நீங்கியது, பிளவு நீங்கவில்லை. 2011இல் குனோமின் மூன்றாம் பதிப்பு பழகிய முகப்பை அடியோடு மாற்றவே, அதனை ஏற்காதோர் மாத்தே, சினமன் என மேலும் கிளைத்தனர்.

இதன் விளைவு யாது? விசைத்தட்டலைத் தமிழெழுத்தாக்கும் உறுப்பு, ஜிடிகேயோடும் கியூடியோடும் தனித்தனியே பொருந்த வேண்டியதாயிற்று. 1984இல் தோன்றிய எக்ஸ் சாளரமுறையின் இடத்தை, 2008இல் தொடங்கப்பெற்ற வேலண்டு இப்பொழுது பிடித்து வருகிறது. அதிலோ இப்பொருத்தம் முகப்புக்கு முகப்பு வேறுபடுகிறது.

“விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையன்றோ இது?” எனச் சிலர் வினவுவர். உண்மையே. நிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை இருப்பதனாலேயே, எவர் இசைவையும் நாடாமல் இம்முகப்புகளைத் தமிழாக்க முடிந்தது. அப்பெருமையை யான் மறுக்கவில்லை. ஆயினும், உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேறு. அவற்றை இணைக்கும் பொறுப்பு வேறு. முன்னது பயன்படுத்துவோர்க்கு உரியது. பின்னது ஆக்கியோர்க்கு உரியது. இங்கோ இரண்டும் பயன்படுத்துவோர் தலைமீதே விழுகின்றன. சீர்களைக் கொடுத்துவிட்டுத் தளையை நீயே பார்த்துக்கொள் எனக் கூறும் புலவரும் உண்டோ?

ஆதலின், பள்ளிக்கு லினக்ஸை நாடும் ஆசிரியர், முகப்பின் அழகைக் கண்டு முடிவு செய்யலாகாது. மாணவர் பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு வரி தமிழில் எழுதிப் பார்த்தல் வேண்டும். பிழை கண்டால் ஆக்கியோர்க்கு அறிவித்தலும் கடனாகும். ஒருவர் அறிவித்துத் திருந்திய பிழை அனைவர்க்கும் திருந்தியதே.

மூன்றாம் மாலை, அமைப்புக் கோப்பொன்றில் இரண்டு வரிகளைச் சேர்த்ததும் உலாவியிலும் தமிழ் வந்தது. மகிழ்ந்தேன். ஆனால், அவ்விரு வரிகளை அறியாது கணினியை மூடிவிட்டுச் சென்ற ஆசிரியர் எத்துணைப் பேரோ என்னும் எண்ணம் அம்மகிழ்ச்சியை நிலைக்கவிடவில்லை.