கறுப்பு விதை மிளகாய்

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில், வீட்டுக் கொல்லையின் சிறு கண்ணாடிக் குடிலில் அரிய மிளகாய் வளர்ப்பதை வெறும் காரப்போட்டி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆண்டீஸ் மலைகளின் ரொகோட்டோவே அதற்கு மறுப்பு. ஊதாப் பூ, ரோமம் படர்ந்த இலை, கறுப்பு விதை, குடைமிளகாயைப் போலத் தடித்த சதை, எத்தனை அழகு! அந்தச் சதை எளிதில் உலராது என்பதால் வற்றலாகக் கடல் கடந்து வருவது அரிது. கடையில் மலிவாக மிளகாய் கிடைக்கிறதே என்பார்கள். மனிதர் பயிராக்கியவை ஐந்து இனங்கள். கடையை நிறைப்பதோ பெரும்பாலும் ஒன்றுதான்.

நெருக்கமான குடிலில் மகரந்தம் கலந்து விதை கெடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் ரொகோட்டோ மற்ற நான்கு இனங்களோடு கலப்பதில்லை. மற்றவற்றின் மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டினால் போதும், தன் மகரந்தத்திலேயே காய்க்கும். உறைபனி படாமல் காத்தால் ரொகோட்டோ பல ஆண்டுகள் வாழும். குளிர்நாட்டுக் குடிலில் முதல் இடம் இதற்கே தர வேண்டும்.