எலியின் கல்லீரல் சொல்வதும் சொல்லாததும்

மூலிகைச் சாறு ஒன்று கல்லீரலைக் கெடுக்குமா என்பதை மனிதர் குடிக்கும் முன்பே அறிய, எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதே இன்றும் முதன்மையான வழி. அந்தச் சோதனை தேவை. ஆனால் அது தரும் விடையைவிடப் பெரிய விடையை அதன் பெயரால் சொல்லிவிடுகிறோம். சீந்தில் கொடி அதற்குச் சான்று.

முதலில் இம்முறையின் வலிமை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 407ஆம் வழிகாட்டுதல்படி, எலிகளுக்கு 28 நாள் தொடர்ந்து சாறு புகட்டுகிறார்கள். குறைந்தது மூன்று அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 5 ஆண், 5 பெண் எலிகள். சாறு பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்று. முடிவில் கல்லீரல் கேட்டைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. நொதிகளை இரத்தத்தில் அளக்கிறார்கள். கல்லீரலை எடைபோட்டு, ஃபார்மலினில் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். நடுச்சிரையைச் சுற்றிச் செல்கள் செத்திருக்கின்றனவா, கொழுப்பு படிந்திருக்கிறதா என்பது அங்கே கண்ணுக்கே தெரியும். அளவு கூடக் கூட நஞ்சாகும் பொருளை இந்தச் சோதனை நன்றாகவே பிடிக்கும். உடல் இளைக்க உட்கொள்ளப்பட்ட ஜெர்மாண்டர் என்ற மூலிகையைப் பிரான்ஸ் 1992இல் தடை செய்தது. அது கல்லீரலை எப்படிக் கெடுக்கிறது என்பதை விளக்கியவை சுண்டெலிச் சோதனைகள்தாம்.

சீந்திலுக்கு நடந்தது வேறு. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சைக் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுத்த ஆய்வுகளில், சீந்தில் சாறு அந்தக் கேட்டைக் குறைத்தது. 'கல்லீரலைக் காக்கும் மூலிகை' என்ற பெயர் வலுப்பெற்றது. கொரோனா காலத்தில் எதிர்ப்பாற்றல் வேண்டிப் பலர் அதைக் குடித்தார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு இருந்ததாக மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். 2022இல் பல நகரங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் அவர்களிடம் தெரிந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. தோற்றத்தில் ஒத்த வேறொரு சீந்தில் இனமாக இருக்கலாம் என்றது.

எலி ஏன் எச்சரிக்கவில்லை? ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வரும் கேட்டை ஓர் அளவுக்குப் பத்து எலிகள் காட்ட முடியாது. ஆய்வக எலி இளமையும் நலமும் உடையது. சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கோ கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளுக்குள் இருந்தது. இது சீந்திலுக்கு மட்டுமான குறை அன்று. மனிதருக்குத் தீங்கு செய்த 150 மருந்துகளை அலசி 2000இல் வெளியான ஆய்வில், எலி போன்ற கொறிக்கும் விலங்குகள் மட்டும் முன்கூட்டிக் காட்டியவை 43 விழுக்காடுதான். நாய், குரங்கு போன்றவற்றையும் சேர்த்தால் 71.

இன்னொரு குறை நம் கையில் உள்ளது. ஒரே வேளை சாறு கொடுத்து 14 நாள் கவனிக்கும், அதே அமைப்பின் 423ஆம் வழிகாட்டுதல், எலி சாகிறதா என்று பார்க்கவே வகுக்கப்பட்டது. கல்லீரல் நொதிகளை அளக்கும்படி அது கேட்பதில்லை. கிலோவுக்கு 2,000 மில்லிகிராமில் எலி சாகவில்லை என்பதை வைத்தே 'பாதுகாப்பானது' என்று எழுதிவிடுகிறார்கள். சோதிப்பது ஆல்கஹாலில் எடுத்த சாற்றை; மக்கள் குடிப்பது கசாயத்தை. இரண்டிலும் ஒரே பொருள்கள் ஒரே அளவில் இருப்பதில்லை.

அமைச்சகம் எழுப்பிய இனக் குழப்பம் நியாயமான கேள்வி. ஆனால் கடையில் விற்கும் கொடி எது என்று உறுதி செய்ய முடியாவிட்டால், சரியான கொடியில் நடந்த எலிச் சோதனை குடிப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

ஆகவே எலிச் சோதனையைக் கைவிட வேண்டாம். அதைக் கடைசிச் சொல்லாக்கவும் வேண்டாம். செடியின் இனத்தை உறுதிசெய்து, மக்கள் உட்கொள்ளும் வடிவத்திலேயே சோதிக்க வேண்டும். எந்தச் சீவல் எந்தக் குழுவினுடையது என்று தெரியாதவரே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விற்பனைக்கு வந்த பிறகு மஞ்சள் காமாலையோடு வருபவரிடம் மருத்துவர் மூலிகை பற்றிக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். 'பாதுகாப்பானது' என்று அச்சிடும் நிறுவனம், எந்த வடிவம், எத்தனை நாள், எந்த உயிரில் சோதிக்கப்பட்டது என்பதையும் அதே உறையில் அச்சிடட்டும்.