மாத்தளை வடபாதையும் பல்கலைக்கழக ஆய்வு நிதியும்

பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியர்களுக்கு வழங்கும் ஆய்வு நிதி பற்றிய விவாதங்கள், தொகை போதாது என்ற முறைப்பாட்டுடன் தொடங்கி அம்முறைப்பாட்டுடனேயே பெரும்பாலும் முடிவடைகின்றன. முறைப்பாடு நியாயமானதே. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்கும் அபிவிருத்திக்குமாகச் செலவிட்டு வந்துள்ளது ஏறத்தாழ 0.1 சதவீதம் மட்டுமே. 2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தில், கல்விக்கு 6 சதவீதம் என்ற கோரிக்கை முதன்மை பெற்றமையும் இதனாலேயாம். ஆயினும், உள்ள சிறுதொகை எவ்வளவுகோல் கொண்டு பங்கிடப்படுகின்றது என்ற வினா அதே அழுத்தத்துடன் எழுப்பப்பட்டதில்லை. சோறு குறைந்த பானையானால் அகப்பை பிடித்த கையைப் பற்றியே முதலிற் கேட்டல் வேண்டும்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாகத் திறைசேரிப் பணம் பல்கலைக்கழகங்களை அடைகின்றது. அதில் ஆய்வுக்கென ஒதுக்கப்படும் பகுதிக்கு ஆசிரியர் விண்ணப்பிக்கின்றார்; பீடத்தின் குழுவும் மூதவையின் குழுவும் அதனைப் பரிசீலிக்கின்றன. நடைமுறை பழுதற்றதாகவே தோன்றும். குறை, மதிப்பீட்டுப் படிவத்தில் உள்ளது. விண்ணப்பதாரரின் முன்னைய வெளியீடுகள் எவை, அவை சர்வதேச அட்டவணைகளில் இடம்பெற்ற ஏடுகளில் வந்தனவா, குறித்த காலத்துள் முடிவு கிடைக்குமா என்பனவே அங்கு எடைபோடப்படுகின்றன. பேராசிரியர் பதவியுயர்வுக்கான 2009ஆம் ஆண்டின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் ஆய்வைப் புள்ளிகளாக்கியே கணிக்கின்றது. 2003ஆம் ஆண்டளவில் தொடங்கி, 2017ஆம் ஆண்டின் 100 மில்லியன் டொலர்த் திட்டம் வரை, உலக வங்கி உதவியுடன் நடந்த உயர்கல்வித் திட்டங்கள் போட்டி முறை மானியத்தை நம் நிறுவனங்களிற் பழக்கின. அவற்றின் மொழியும் மனப்பாங்கும் உள்ளக நிதியின் படிவங்களிலும் குடியேறிவிட்டன.

இவ்வளவுகோலின் தன்மையை அறிவதற்கு மாத்தளை மாவட்டம் தக்க உரைகல்லாகும். அங்கு அரச பல்கலைக்கழகம் எதுவுமில்லை. 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகமே அருகிலுள்ளது. மாத்தளை நகரிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவுதான். ஆயின் மாத்தளை ஆய்வறியாத மண்ணன்று. மிளகு, ஏலம், கொக்கோ முதலியவற்றுக்கென ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்குண்டு. மாவட்டத்தின் வடபுறத்தே சிகிரியாவும் தம்புள்ளையும் உள்ளன. 1980இல் யுனெஸ்கோ துணையுடன் தொடங்கிய கலாசார முக்கோணத் திட்டம் அவ்விடங்களை அகழ்ந்தது. சிகிரியா 1982இலும் தம்புள்ளை 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. அப்பகுதியின் குடியிருப்புத் தொல்லியல் பற்றிய பல்லாண்டுக் கள ஆய்வுக்குச் சுவீடன் நாடு உதவியது. பணம் தொடர்ந்து வந்தால் ஒரு நிலப்பரப்பு எவ்வளவு பேசும் என்பதற்கு அது நல்ல சான்று.

அதே தம்புள்ளைக் குன்றின் அடிவாரத்தைக் கடந்தே வடபாதை சென்றது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிற் கரையேறிக் காட்டுவழியே பல நாள் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரை வீழ்த்தின. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. பாதை மெல்ல மறக்கப்பட்டது. வழியில் தங்குமடங்கள் எங்கிருந்தன, புதைகுழிகள் எங்குள்ளன, எந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் எந்த ஊர்ப் பெயரை இன்றும் நினைவில் வைத்துள்ளன என்பவற்றை அறியச் சிகிரியாவுக்கு வாய்த்தது போன்ற திட்டம் எதுவும் வாய்க்கவில்லை.

மலையகத் தொழிலாளரின் ஊதியம், வறுமை, குடியுரிமை பற்றிப் பல்கலைக்கழக அறிஞர் எழுதியுள்ளனர். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் கோப்பித் தொழிலாளரின் வாழ்வு குறித்து 1989இல் தனிநூல் தந்தவர் டொனோவன் மோல்ட்றிச் என்ற பத்திரிகையாளர். 2001இல் விரிவான வரலாறு எழுதிய பட்றிக் பீபிள்ஸ் அமெரிக்கர். மாத்தளைத் தோட்ட வாழ்வைத் தமிழில் நிலைநிறுத்தியவர்களோ மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு முதலிய படைப்பாளிகள். இவர்கள் எழுதியது எந்த மூதவைக் குழுவின் மானியத்தையும் எதிர்பார்த்தன்று.

இனி, வடபாதை பற்றித் தமிழ்த்துறை அல்லது வரலாற்றுத்துறை விரிவுரையாளர் ஒருவர் விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அவர் கேட்பது பெரிதன்று: வாகன வாடகை, ஒலிப்பதிவுக் கருவி, இரு உதவியாளர்க்குப் படி. கருவிகளுக்கு விலைமனுக் கோரப் பழகிய அலுவலகத்துக்கு லயத்து முதியவரோடு பத்து நாள் உரையாடுதற்கான செலவு விளங்காத செலவாகும். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகின்றது. முதியவரின் நினைவு அக்கணக்கிற்கு அடங்குவதில்லை. முடிவு எந்த ஏட்டில் வரும் என்ற வினாவுக்குத் தமிழ் ஆய்வேட்டைக் குறித்தால் புள்ளி குறையும். ஆங்கிலத்தில் எழுதலாமே என்பர். எழுதலாம், ஆனால் பேச்சு வழக்கின் ஒவ்வொரு சொல்லுமே சான்றாகும் ஆய்வில், சான்றை மொழிபெயர்ப்பால் மட்டும் நிறுவச் சொல்வது, கல்வெட்டை உடைத்துப் பொருளை மட்டும் கொண்டுவரச் சொல்வதற்கு ஒப்பாகும். அதே குழுவின் முன் வரும் மிளகு பற்றிய ஆய்வுகூட விண்ணப்பம் எல்லாப் பெட்டிகளையும் இலகுவில் நிரப்பிவிடும். அதற்குப் பணம் கிடைப்பதிற் பிழையில்லை. ஆனால் அதற்கெனத் திணைக்களமும் ஏற்றுமதிச் சந்தையும் பிற மானியங்களும் வெளியே உள. வடபாதைக்கு வெளியே எவருமிலர்.

உள்ளக நிதியின் தனிப்பயன் இங்கேதான் உள்ளது. வெளியார் பணம் வெளியார் காண்பதையே தேடும்; அதைக் குறை கூறுவதற்கில்லை. அவர் காணாததைத் தேடுதற்கென்றே ஒரு நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்திருக்கின்றது. அதனைப் பங்கிடும் அளவுகோலையும் வெளியாரிடமே கடன் வாங்கினால், அது அவர்களது நிதியின் சிறிய பிரதியாகிவிடும். 2011 முதல் சம்பளத்தோடு இணைத்து வழங்கப்பட்ட ஆய்வுக் கொடுப்பனவும் இக்குறையைத் தீர்த்ததில்லை. ஆளுக்கு ஊக்கமளித்தது, பொருளைத் தெரிவு செய்யவில்லை.

பழி முழுவதையும் குழுக்களின் தலையிற் சுமத்துதலும் பொருந்தாது. தமிழ்த்துறையினர் சமர்ப்பிக்கும் திட்டங்கள் பல, நாட்டார் பாடல்களைத் தொகுத்து உவமையும் உருவகமும் எண்ணுவதோடு நிற்பன. அத்தகைய முன்மொழிவை மறுக்கும் குழு அநீதி செய்யவில்லை. எதனைக் கண்டறியப் போகின்றோம், எவ்வாறு சோதிப்போம் என்று கூறும் கடமை மொழி ஆய்வாளர்க்கும் உண்டு.

செய்யக்கூடியவை அரியன அல்ல. ஒரே ஆண்டிற் பெருந்தொகை தருவதைவிட மூன்று ஆண்டுக்குச் சிறுதொகை தரலாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படுவதை அம்மொழி வல்லாரே மதிப்பிடலாம். நூலகத்திற் சேர்க்கப்படும் ஒலிப்பதிவுத் தொகுதியையும் ஆவணப் பட்டியலையும் ஆய்வின் பேறாகக் கொள்ளலாம். காலமோ காத்திருப்பதாயில்லை. 1964 உடன்படிக்கை பல குடும்பங்களைக் கடல் கடத்தியது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் செக்ரோல் முதலிய தோட்ட ஏடுகளைப் பேணுவது எவர் பொறுப்பு என்பது தெளிவற்றுப் போயிற்று. மலையக மக்களின் 200ஆம் ஆண்டை முன்னிட்டு 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கியோர் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். அந்நெடுவழியை அவர்கள் நடந்தது சிவில் அமைப்புகளின் முயற்சியால்.