கண்டி மலைக்கு எந்த டயர்?

மலைச் சைக்கிள் டயர்களைப் பற்றி எழுதும் வெளிநாட்டு இதழ்கள், காய்ந்த தரை, ஈரத் தரை, சேறு என்று நிலத்தைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு டயரைச் சிபாரிசு செய்யும். கண்டியில் அந்தக் கணக்கு எடுபடாது. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துப் பக்கம் தார் ரோட்டில் ஏறத் தொடங்கினால், பைன் காட்டின் ஊசியிலை மெத்தை, மானாப் புல்லுக்கு நடுவே செம்மண் ஒற்றையடிப் பாதை, பாசி பிடித்த கருங்கல், தோட்டத்துக் கொங்கிரீட் ரோடு என்று ஒரே காலைப்பொழுதில் எல்லாம் வந்து போகும். இடையில் ஒரு மழையும் பெய்து ஓய்ந்திருக்கும். அதனால் இங்கே டயர் வாங்குகிறவர், அது எதில் நன்றாக ஓடும் என்பதைவிட எதில் காலை வாரிவிடும் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நான் ஓட்டிப் பார்த்தவை ஐந்து: மக்சிஸ் நிறுவனத்தின் ஐகான், ஆர்டென்ட், மினியன் டிஎச்எஃப்; ஷ்வால்பே நிறுவனத்தின் நொபி நிக், மஜிக் மேரி. சைக்கிள், பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத 29 இன்ச் ஹார்ட்டெயில். முன் ஃபோர்க் 120 மி.மீ. என் எடை 70 கிலோவுக்குச் சற்று மேல். இதைவிடப் பாரமானவர்கள் கீழே சொல்லும் காற்றழுத்தக் கணக்கில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். கண்டியைச் சுற்றியுள்ள செம்மண், நைஸ் என்னும் உருமாறிய பாறை உக்கி உண்டானது. வெட்டிய மண் சுவரில் வெயில் பட்டால் காக்காப்பொன் துகள்கள் மினுங்குவதை இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மண் இறுகி, மேலே மெல்லிய தூசி படிந்து கிடக்கும். அப்போது எந்த டயரும் நல்ல டயர்தான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை தொடங்கியதும் அதே மண் பசையாகிவிடும். டயரின் கட்டைகளுக்கு இடையே அப்பிக்கொள்ளும். நாலு முழம் போவதற்குள் சக்கரம் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

ஐகானும் ஆர்டென்டும் இந்த இடத்தில் தோற்றுப்போகின்றன. ஐகானின் கட்டைகள் குட்டையானவை, நெருக்கமானவை. ஒரு தடவை மண் அடைத்துக்கொண்டால் குச்சி வைத்துத்தான் நோண்ட வேண்டும். மஜிக் மேரியின் கட்டைகள் உயரமானவை, அகல இடைவெளி விட்டு நிற்பவை. இறக்கத்தில் வேகம் பிடித்ததும் மண்ணை அதுவே வீசி எறிந்துவிடும். முகத்திலும்தான். ஆனால் சக்கரம் வேகமாகச் சுழன்றால்தான் மண் உதறும். செங்குத்தான ஏற்றத்தில் நடை வேகத்தில் மிதிக்கும்போது மேரியும் அடைத்துக்கொள்கிறது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். சைக்கிளின் பின் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே பக்கத்துக்கு 6 மி.மீ. இடைவெளியாவது இல்லையென்றால், இந்தக் களிமண் சக்கரத்தையே நிறுத்திவிடும். பின் சக்கரத்துக்கு ஆகப் பெரிய டயரைத் திணிக்காமல் ஓர் அளவு குறைத்துப் போடுவது அதனால்தான் நல்லது.

அப்படியானால் சேற்றுக்கென்றே செய்த ஊசிக் கட்டை டயரைப் போடலாமே என்று கேட்கலாம். வேண்டாம். நம் பாதையில் சேறு ஐம்பது மீட்டர் இருந்தால் அடுத்த ஐம்பது மீட்டர் கல்லாகவோ கொங்கிரீட்டாகவோ இருக்கும். உயரமான மெல்லிய கட்டைகள் அங்கே மடங்கி நெளியும். திருப்பத்தில் சைக்கிள் ஆடும்.

கல் என்றதும் லூல்கந்துரப் பாதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் 22 கட்டங்களும் கொண்டது. அதன் முதல் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கும், இரண்டாவது கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்கும் போகிறது. நடப்பவர்களுக்கு அது அருமையான பாதை. சைக்கிள்காரருக்கு அதில் ஒரு சோதனை இருக்கிறது: பழைய தோட்ட ரோடுகளில் பதித்த கருங்கற்கள். தலைமுறை தலைமுறையாகக் காலும் சில்லும் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மேலே பச்சைப் பாசி. கலஹாவைத் தாண்டி ஓர் இறக்கத்தில் கொழுந்துக் கூடையோடு வந்த அம்மா ஒருவர் ஒதுங்கி நின்று, "பாத்துப் போங்க தம்பி, தண்ணி பட்டா அந்தக் கல்லுல எங்க காலே நிக்காது" என்றார். காலே நிற்காத கல்லில் டயரின் கட்டை என்ன செய்யும்? உயரமான கட்டைகள் மண்ணுக்குள் புதைந்து பிடிப்பவை. கல்லுக்குள் எதுவும் புதையாது. அங்கே பிடிமானம் தருவது ரப்பரின் மென்மை ஒன்றுதான்.

டயர் வாங்கும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது. ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவுகோலில் குறிப்பார்கள். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை. மக்சிஸின் சாதாரண ஒற்றை ரப்பர் 60ஏ. அவர்களின் 'சூப்பர் டேக்கி' 42ஏ. மினியன் டிஎச்எஃப் என்ற ஒரே பெயரில், ஒரே கட்டை அமைப்பில், இப்படிக் கடினமான ரப்பரிலும் மென்மையான ரப்பரிலும் டயர்கள் வந்திருக்கின்றன. ஈரக்கல்லில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடினமானது திடீரென்று வழுக்கும். மென்மையானது வழுக்கப்போவதை முன்கூட்டியே கைப்பிடியில் உணர்த்திவிட்டு மெல்ல வழுக்கும். சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ஷ்வால்பே இதை நிறக் கோட்டில் காட்டுகிறது. சிவப்புக் கோடு வேகத்துக்கு, நீலம் நடுத்தரம், செம்மஞ்சள் மென்மை, ஊதா மிக மென்மை. கடையில் பெயரைக் கேட்டு வாங்காமல் கோட்டைப் பார்த்து வாங்குங்கள். கோடு இல்லாத டயர் என்றால் கட்டையில் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்து மெதுவாக மறைந்தால் அது கண்டிக்கு ஏற்றது.

மென்மைக்கு விலை உண்டு. சீக்கிரம் தேயும், தார் ரோட்டில் இழுக்கும். மென்மையான ரப்பர் டயரைப் பின் சக்கரத்தில் போட்டுக்கொண்டு பேராதனையிலிருந்து ஹந்தானை உச்சிக்கு ஏறினால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலிருக்கும். உடல் எடையில் பெரும்பகுதியும் மிதிக்கும் விசை முழுவதும் பின் சக்கரத்துக்கே போவதால் அங்கே தேய்மானமும் அதிகம்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. 1876இல் பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டம் முளைக்க வைத்த ரப்பர் கன்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்குத்தான் வந்தன. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் கம்பஹா ஹெனரத்கொடையில் அவற்றை நட்டார்கள். ஆசியாவின் ரப்பர்த் தொழில் அங்கிருந்து கிளைத்தது. இன்றும் உலகச் சந்தைக்குத் திண்ம டயர் செய்து அனுப்பும் நாடு நாம். ஆனால் டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலண்ட், அதுவும் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்த திரவம், போத்தலில் அடைத்து இறக்குமதியாகி நம் கையில் கிடைக்கிறது. வெக்கையில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

சீலண்டின் அருமை கிழக்குப் பக்கம் போனால்தான் தெரியும். திகன, தெல்தெனியப் பக்கம் மழை குறைவு. பாதையில் வெள்ளைப் படிகக்கல் சரளை பரந்து கிடக்கும். விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள இந்த இறுகிய தரைதான் ஐகானின் ராஜ்யம். 2.2 அங்குல ஐகான் ஏறத்தாழ 600 கிராம், 2.5 அங்குல மினியன் ஒரு கிலோ. ஏற்றத்தில் அந்த வித்தியாசத்தைக் கால் உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் மகாவலிக் கரையோரம் பரவியிருக்கும் ராட்சதத் தொட்டாச்சிணுங்கியின் முள்ளுக்கு ஐகானின் மெல்லிய தோல் ஈடுகொடுக்காது. டியூப் போட்டிருந்தால் ஒட்டுப் பெட்டியோடு போங்கள். சீலண்ட் ஊற்றியிருந்தால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் காத்திருங்கள், அடைத்துக்கொள்ளும்.

பைன் காட்டுக்கு வருவோம். ஊசியிலைக்கு அடியில் வேர் ஒளிந்திருக்கும். மேலே பார்த்தால் பட்டு விரித்தது போல இருக்கும். நொபி நிக் இங்கே நன்றாக நடந்துகொண்டது. கட்டை போதிய உயரம், இடைவெளியும் அளவானது, எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் மோசமும் இல்லை. ஆர்டென்ட் நேராகப் போகும்வரை சமர்த்து. திருப்பத்தில் சாய்த்தால் நடுக் கட்டைக்கும் ஓரக் கட்டைக்கும் இடையே எங்கேயோ பிடி தளர்கிறது. மினியனிலும் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே வாய்க்கால் போல இடைவெளி உண்டு. ஆனால் துணிந்து நன்றாகச் சாய்த்தால் ஓரக் கட்டை தண்டவாளம் போலப் பிடித்துக்கொள்ளும். பயந்து பயந்து ஓட்டுகிறவருக்கு மினியன் சரிவராது. அவருக்கு மேரிதான்.

டயரைவிட மலிவான ஒரு சாமானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: காற்றழுத்தமானி. சைக்கிள் கடைகளில் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, கல்லுப் போல ஆகும்வரை அடித்துத் தருவார்கள். ஐம்பது பிஎஸ்ஐயில் ஊதா ரப்பரும் வழுக்கும். டியூப் உள்ள 2.35 அங்குல டயருக்கு முன்னால் 26, பின்னால் 29 என்று தொடங்குங்கள். டியூப் இல்லையென்றால் முன்னால் 21, பின்னால் 24. ரிம்மில் கல் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு கூட்டுங்கள். திருப்பத்தில் டயர் நெளிந்தாலும் அப்படியே. கலஹா இறக்கத்தில் முப்பத்தைந்தில் துள்ளிய அதே நொபி நிக், இருபத்தாறில் கல்லைத் தழுவிக்கொண்டு போனது.

அளவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் பலவற்றின் சக்கரமும் 26 இன்ச், பழைய மலைச் சைக்கிளின் சக்கரமும் 26 இன்ச். ஆனால் ஜப்பான் நகரச் சைக்கிளின் 26க்கு 1 3/8 டயர் 590 மி.மீ. ரிம்முக்கானது, மலைச் சைக்கிளின் ரிம் 559 மி.மீ. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்: 26க்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622.

ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட மலை. ஈரமான நாளில் பின் பிரேக்கை இறுக்கிச் சறுக்கிக்கொண்டு இறங்கினால், அந்தத் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். மென்மையான முன் டயர் இருந்தால் முன் பிரேக்கை நம்பலாம். சறுக்க வேண்டிய தேவையே வராது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் எந்த டயரும் உதவாது. சைக்கிளை வெளியே எடுக்காதீர்கள்.

என் முடிவு இது: முன்னால் செம்மஞ்சள் கோட்டு மஜிக் மேரி, பின்னால் நீலக் கோட்டு நொபி நிக். திகனப் பக்கம் மட்டுமே ஓட்டுகிறவர்கள் பின்னால் ஐகான் போட்டுக்கொள்ளலாம். ஒரு டயருக்குத்தான் கையில் காசு இருக்கிறதென்றால் அதை முன் சக்கரத்துக்கு வாங்குங்கள். கழற்றிய முன் டயரைப் பின்னால் மாட்டித் தேயும்வரை ஓட்டுங்கள்.