மேட்டுநிலமும் சரிவும்: டக்ளஸ் ஹாமில்டனின் மலைக் கோட்டோவியங்கள்

சென்னைப் படையின் 21ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் சேர்வராயன், பழனி, ஆனைமலைத் தொடர்களை 1860களில் கோட்டோவியங்களாக வரைந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனாரின் குடியிருப்பாகத் தொடங்கிய கோடைக்கானலின் சுற்றுப்புறத்தை அறிய இவை அரிய சான்றுகள். சீகை மரமும் தைல மரமும் பரவுவதற்கு முன்பிருந்த புல்வெளிகளையும் சோலைகளையும் ஆராய்வோர் இவற்றை நாடுவதில் வியப்பில்லை. ஆயினும், இவற்றைக் கொண்டு அம்மலைகள் ஆளற்றுக் கிடந்தன என முடிவுகட்டுவது பொருந்தாது.

ஹாமில்டனுக்கு அரசு இட்ட பணி, ஐரோப்பியப் படைவீரர் தங்கி உடல்நலம் தேறுவதற்கு ஏற்ற மேட்டுநிலங்களை வரைந்து காட்டுவதாகும். எனவே எதை வரைவது என்பதை ஓவியரின் சுவையைக் காட்டிலும் மலையின் உயரமே தீர்மானித்தது எனலாம். குளிர்ந்த, திறந்த உச்சிப் பகுதியே படைக்கு வேண்டியிருந்தது. ஏலமோ மரநிழலும் ஈரமும் உள்ள நடுச்சரிவில் விளைவது. போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடிப் பள்ளத்தாக்கு வழியே மலையேறும் பாதையின் வாழ்வு அந்தச் சரிவைச் சார்ந்தது. பிற்காலத்தில் மூணாற்றுத் தேயிலையும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. சமவெளியையும் மலையையும் பிணைத்த இவ்வுழைப்பு, மேட்டுநிலத்தை மட்டும் தேடிய பணியின் வரம்புக்குள் வருவதன்று.

இவ்வோவியங்களை வெறும் காட்சிப் பதிவுகள் எனக் கொள்வதும் குறைபாடே. பேரிஜத்துச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என ஹாமில்டன் கருதினார். பின்னாளில் அங்கே அணை கட்டி ஏரி உருவாக்கப்பட்டது. அருகிலுள்ள இடம் இன்றும் ஹாமில்டன் கோட்டை எனப்படுகிறது. (கோட்டை என்று சொல்லத்தக்க கோட்டை அங்கில்லை என்பது வேறு.) நிலத்தை வரைந்த அதே கண், அது எவ்வாறு மாற வேண்டும் என்பதையும் கணித்திருக்கிறது.

அவருடைய வேட்டை நினைவுகள் 1892இல் நூலாயின. தடமறிந்த மலைமக்களின் துணையின்றி அவ்வேட்டைகள் நிகழ்ந்திருக்க இயலாது. ஓவியங்களை அந்நூலோடு மட்டுமன்றி, முன்னோடி நில அளவையாளர் பி. எஸ். வார்டின் பயணத்தோடும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். 1821இல் வார்டு பழனிமலை ஏறியது வெள்ளகவி வழியாக. ஹாமில்டன் வரைவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சரிவில் ஓர் ஊர் இருந்தது.